மதிப்பீடு என்னும் சடங்கு

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தந்த அனுமதியை 2015 ஆகஸ்டில் நீதிமன்றம் ரத்து செய்தது. அருகிவரும் யாக்கா அரணை, தவளை தின்னும் ஒரு பாம்பு – இவை பற்றிய பாதுகாப்புக் குறிப்புகளை அமைச்சர் பரிசீலிக்கவில்லை என்பது காரணம். அக்டோபரில் பரிசீலித்தார், நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி தந்தார். 2021 இறுதியில் கரி துறைமுகம் சேர்ந்தது.

அரணை பிழைக்குமா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. அதைப் பற்றிய காகிதம் அமைச்சர் மேஜைக்கு வந்ததா என்று மட்டும் பார்த்தது. இதற்கு மதிப்பீடு என்று பெயர். நான் சடங்கு என்கிறேன். 'கூடாது' என்று சொல்லத் துணியாத மதிப்பீடு எதற்கு? விமர்சனம் எழுதும் நமக்கும் இந்த வியாதி தெரியாததல்ல. படித்தவனின் முடிவைக் கொஞ்சமும் அசைக்காத படிப்பைப் படிப்பென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.