காரில்லா விடுமுறையும் மூடப்பட்ட ரயில் தடமும்

இங்கிலாந்தின் கடற்கரைக்குக் காரின்றிச் சென்று வருவது இன்று பயணியின் சூழல் அறமாகப் போற்றப்படுகிறது. அந்த அறத்திற்கு முதலில் ஒரு ரயில் வேண்டும். 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, வருவாய்க் கணக்கைக் காட்டி 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. கார்ன்வாலின் துறைமுக ஊரான பாட்ஸ்டோ 1967இல் ரயிலை இழந்தது. தண்டவாளம் கிடந்த இடத்தில் இன்று ‘கேமல் டிரெயில்’ என்னும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதை. அதில் மிதிப்பதற்காகவே காரின் பின்னால் மிதிவண்டியைக் கட்டிக்கொண்டு வருவோரும் உண்டு! அவர்களைக் கடிவதில் நியாயமில்லை. டார்ட்மூரின் விளிம்பிலுள்ள ஓக்ஹாம்ப்டனுக்கு 1972இல் நின்ற அன்றாட ரயில் 2021இல்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அவ்வூருக்குக் காரில் போனவரின் மனசாட்சியை விசாரிப்பதைவிட, சேவையை நிறுத்திய முடிவை விசாரிப்பதே பொருத்தம். பாட்ஸ்டோவுக்கு இன்றும் ரயில் இல்லை; பாட்மின் பார்க்வே நிலையத்தில் இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.