நெருப்பில்லாமலே புகையும் அடுப்பு

"நெருப்பில்லாமற் புகையாது" என்பது பழமொழி. ஊர்வாயில் உலவும் வதந்திக்கு அது பொருந்தலாம், அடுப்படிக்குப் பொருந்தாது. ஈரவிறகை அடுப்பில் வைத்து ஊதிக் களைத்த எந்தத் தாயைக் கேட்டாலும், நெருப்பே பற்றாமல் நெடுநேரம் புகைந்துகொண்டிருக்கும் அடுப்பைப்பற்றிச் சொல்லுவார். அந்தப் புகையைப்பற்றியும், அதற்குக் காரணமாகும் விறகை வாங்கும் முறையைப்பற்றியும் இந்த வாரம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

எரிவாயுவும் மின்சாரமும் வந்துவிட்ட காலத்தில் விறகைப்பற்றி என்ன பேச்சு என்று மாணவர் சிலர் நகைக்கக்கூடும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையிலுள்ள குடும்பங்களிற் பத்தில் ஏறக்குறைய எட்டு, சமையலுக்கு விறகையே முதன்மையான எரிபொருளாகக் கொண்டிருந்தன. 2022ஆம் ஆண்டில் எரிவாயுக் கொள்கலனுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, விறகையே மறந்திருந்த நகரத்து வீடுகளும் மூன்று கற்களைத் தேடி எடுத்தன. அன்று மாடி வீட்டுப் பிள்ளைகள் பலர் முதன்முறையாக அடுப்பூதப் பழகினார்கள். ஆகவே விறகு பழங்கதையன்று, நம்மோடு வாழ்வது.

விறகு வாங்குவதில் ஒரு விந்தை உண்டு. பெரும்பாலான வீடுகளில் விறகை வாங்குகிறவர் ஒருவர், எரிக்கிறவர் வேறொருவர். விறகுகாலைக்குச் சென்று விலை பேசி, அந்தர்க் கணக்கில் நிறுத்து ஏற்றிவருகிறவர் வீட்டுத் தலைவர். அந்த விறகோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர் தலைவி. வாங்குகிறவர் விலையைப் பார்க்கிறார். ஐம்பது ரூபா குறைவாகக் கிடைத்தால் மகிழ்ந்து வீடு திரும்புகிறார். அந்த ஐம்பது ரூபாவுக்கு ஈடாக வீட்டிலுள்ளவர் கண்ணீரும் இருமலும் கொடுக்கிறார் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, அந்த இலாபந்தான் உண்மையா என்று பார்ப்போம். மாணவர்கள் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். பச்சை மரத்தை வெட்டிய உடனே நிறுத்தால் அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராக இருப்பது உண்டு. காற்றில் நன்றாக உலர்ந்த விறகில் நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கும். ஓர் அந்தர் என்பது ஏறக்குறைய 50 கிலோகிராம். பச்சை விறகு ஓரந்தர் வாங்கியவர் 25 கிலோ விறகும் 25 கிலோ நீரும் வாங்கினார். உலர்ந்த விறகு ஓரந்தர் வாங்கியவருக்கு 40 கிலோ விறகு கிடைத்தது. இருவரும் ஒரே விலை கொடுத்திருந்தால் யார் ஏமாந்தவர்?

கணக்கு இதோடு முடியவில்லை. விறகிலுள்ள நீர் ஆவியாகிப் போனாலன்றி விறகு எரியாது. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்வதற்குத் தேவையான வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம், கொதித்த அந்நீரை முற்றாக ஆவியாக்கத் தேவைப்படும். அந்தப் பச்சை விறகிலுள்ள 25 கிலோ நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம், அடுப்பின்மேல் ஏற்றப்பட்டால் இருநூறு லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது! அத்தனையும் ஒரு பிடி சோற்றையும் வேகவைக்காமற் கூரைவழியே போய்விடுகிறது. போவதோடு அடுப்பின் சூட்டையும் தணிக்கிறது. சூடு தணிந்த அடுப்பில் விறகிலிருந்து எழும் வாயுக்கள் முழுவதும் எரிவதில்லை. எரியாமல் எழும் அவ்வாயுக்களும் நுண்துகள்களுமே நாம் புகை என்று அழைப்பது. புகை என்பது எரியாமற்போன விறகு. காசு கொடுத்து வாங்கிக் கண்ணிலும் நெஞ்சிலும் ஏற்றிக்கொள்ளும் விறகு.

உலர்ந்த விறகை அறிவது எப்படி? முதலிற் கட்டையின் முனையைப் பாருங்கள். உலர்ந்த மரத்தின் முனையில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்புகள் ஓடும். பட்டை தளர்ந்து, கையால் இழுத்தால் கழன்றுவரும். நிறம் மங்கியிருக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். உலர்ந்தவை கணீரென ஒலிக்கும்; ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். கைக்கு எடுத்தால் அதன் பருமனுக்கு இலேசாகத் தோன்றவேண்டும். வெளிப்புறம் வெயிலிற் காய்ந்து உள்ளே ஈரமாயிருப்பதும் உண்டாதலால், ஒரு கட்டையைப் பிளந்து காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பவர், விறகு வாங்கும்போது மட்டும் ஏன் நாணவேண்டும்?

எந்த மரம் நல்லது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். யாழ்ப்பாணத்திற் பனைமட்டையும் ஊமலும், தென்னையின் பாளையும் பன்னாடையும் பொச்சும் சிரட்டையும் தீமூட்டவும் விரைந்து சமைக்கவும் உதவும். அவை சுடர்விட்டெரிந்து விரைவில் அணைவன. நீண்டநேரம் வேகவேண்டிய பண்டத்துக்கு வைரமான கட்டை வேண்டும். மேல் மாகாணத்திலும் சப்பிரகமுவையிலும் ரப்பர் விறகு மிகுதி. தென்கரையிற் பட்டை உரித்த கறுவாத் தடிகள் கிடைக்கும். தென்னந்தோட்டங்களிலும் வேலிகளிலும் வளரும் கிளிரிசிடியா வெட்ட வெட்டத் துளிர்ப்பது; அதனை எரிப்பதாற் காடு அழிவதில்லை. பலா, பெண்பனை முதலியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, தாரில் ஊறிய கட்டை ஆகியவற்றை அடுப்பருகே கொண்டுவருதலே தகாது. தீமூட்டுவதற்குப் பிளாத்திக்குப் பையைக் கொளுத்தும் வழக்கத்தையும் இன்றே கைவிடல் வேண்டும்.

வாங்கியதை அடுக்கும் முறையும் ஒரு கலை. நம்மவர் பலர் இன்று வாழும் நோர்வே நாட்டில் விறகை எரிப்பது சமையலுக்கன்று. உறைபனிக் காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கு. மாரியில் எரிக்கவேண்டிய மரத்தை அந்நாட்டார் இளவேனிலிலேயே பிளந்து, காற்றுப்புக அடுக்கி, கோடை முழுவதும் உலரவிடுவார்கள். 2013ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்நாட்டு அரச தொலைக்காட்சி விறகைப்பற்றியே பன்னிரண்டு மணி நேரம் ஒளிபரப்பியது. கட்டையின் பட்டைப்புறம் மேலே இருக்கவேண்டுமா, கீழே இருக்கவேண்டுமா என்று நேயர்கள் வாதிட்டுக்கொண்டார்கள்! நமக்கு அத்தனை வாதம் வேண்டியதில்லை. அவர்கள் பனிக்குமுன் செய்வதை நாம் மழைக்குமுன் செய்தாற் போதும். யாழ்ப்பாணத்திற் சோளகமும் மட்டக்களப்பிற் கச்சானும் வீசும் மாதங்களே விறகு வாங்கிப் பிளக்க உகந்தவை. நிலத்தில் இரண்டு தடிகளைக் கிடத்தி, அவற்றின்மேல் அடுக்குக. தரை ஈரம் ஏறாது. மேலே கூரை அல்லது தகரம் போடுக, பக்கங்களை மூடாதீர். பக்கத்தையும் மூடிக் கட்டிய விறகு உலராது, பூஞ்சணந்தான் பிடிக்கும்.

இவ்வளவு செய்தும் புகை முற்றாக ஒழியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, வீட்டுக்குள் எரிபொருட் புகையால் மாசுபட்ட காற்று 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று. சமைப்பவரையும் அவர் மடியிலும் அருகிலும் இருக்கும் குழந்தைகளையுமே புகை மிகுதியாகத் தாக்குகிறது. ஆகவே புகைக்கூடு ஆடம்பரமன்று. கூரைக்குமேல் உயர்ந்த புகைக்கூடும், எதிரெதிராக இரண்டு சாளரங்களும் சமையலறைக்கு இன்றியமையாதவை. மூன்று கல் அடுப்பில் தீயின் பெரும்பகுதி பானைக்கு வெளியே வீணாகப் போகிறது. 1980களிலிருந்து நம் நாட்டிற் பரவிய அனகி என்னும் மண்ணடுப்பில் ஒரு தீயின்மேல் இரண்டு பானைகள் ஏற்றலாம். முதற் பானையைச் சுட்ட அனல் இரண்டாவதன் அடியிற் சென்று அதனையும் சுடுகிறது. விறகும் மிஞ்சும், புகையும் குறையும். குயவர் சுட்டுத் தந்த அவ்வடுப்பைச் சுற்றி மண் குழைத்துப் பூசினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

மலைநாட்டுக் குடும்பங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. நுவரெலியாவிலே சில இரவுகளில் வெப்பம் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். லயக் காம்பராவில் அடுப்பே சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் உரியது. கவ்வாத்து மிலாறை மூட்டிக் கதவையும் சாளரத்தையும் சாத்திக்கொண்டால் உடம்பு சூடேறுவது மெய்தான். ஆனால், புகை அடங்கியபின்னும் தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு எழுந்துகொண்டேயிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்தபின் எழுந்து கதவைத் திறக்கவும் வலுவிராது. தணற்சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்குவது எக்காரணத்தாலும் கூடாது. உறங்குமுன் தணலை வெளியே எடுத்துவிடுங்கள்; குளிரைக் கம்பளியால் வெல்லுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. அடுத்தமுறை விறகுகாலைக்குச் செல்லுமுன், ஒருநாட் காலையேனும் நீங்களே அடுப்பை மூட்டித் தேநீர் வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால், இல்லத்தரசியை உடன் அழைத்துச் சென்று, அவர் தட்டிப் பார்த்துத் தேர்ந்த விறகையே வாங்குங்கள். ஓரந்தருக்குச் சிறிது கூடக் கொடுக்க நேர்ந்தாலும் அது செலவன்று. சோறும் நேரத்துக்கு வேகும். சமைத்தவரும் இருமாமல் உங்களோடு அமர்ந்து உண்பார்.