அஞ்சு பைசா போட்டால் கேள்வி நம்முடையது

போன மாதக் கூட்டம் எங்கள் தோட்டத்தில் புளியமரத்தடியில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலும் திசையன்விளைப் பக்கத்து முருங்கைக்காரர்கள்தான். பேச்சு எங்கே தொடங்கினாலும் காய் ஈயில் வந்து நிற்கும். நின்றது. காயில் பிசின் வடிகிறது, வெடித்துக் காய்கிறது, கமிஷன் கடையில் கழித்துப் போடுகிறார்கள். "கருவாட்டுப் பொறி வச்சேன் அண்ணாச்சி. ஈ விழத்தான் செய்யுது. அது முருங்கை ஈயா, வேற ஈயான்னு யாரு கண்டா?" என்றார் ஒருவர். "இத்தனை வருஷமா யுனிவர்சிட்டி நமக்கு என்ன செஞ்சுது?" என்று ஒரு தம்பி கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

ராத்திரி படுத்தபிறகு பழைய பாங்க் புத்தி விழித்துக்கொண்டது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டோம். நாம் என்ன போட்டோம்? பெரியகுளத்திலிருந்து பி.கே.எம்.1 வராவிட்டால் நம்மில் பாதிப்பேர் முருங்கை பக்கமே போயிருக்க மாட்டோம். அதற்கு நாம் நேராகக் கொடுத்தது ஒரு பைசா கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் மூன்று வருஷம் ஊட்டிக் கிளையில் இருந்தேன். உருளைக்கிழங்குக் கடன் என் மேஜைக்குத்தான் வரும். நூற்புழு என்ற சொல்லை அங்கேதான் கேட்டேன். வேரில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கூடு. அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். கிழங்கே போடாவிட்டாலும் இருபது வருஷம்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். 1961-ல் ஜோன்ஸ் என்கிற இங்கிலாந்து நிபுணர் இதை ஊட்டியில் கண்டுபிடித்தார். முத்தோரையில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதோடு மல்லுக்கட்டியது. தாங்கி வளரும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் வெளிவந்தது 1985-ல். கணக்குப் பாருங்கள், இருபத்துநாலு வருஷம்.

ரகம் மட்டுமல்ல, பயிர்ச் சுழற்சியும் அங்கே சோதித்துச் சொன்னதுதான். கிழங்கு எடுத்த நிலத்தில் இரண்டு மூன்று வருஷம் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றிப் போட்டால் பொரிக்கிற புழு தின்ன வேர் இல்லாமல் சாகும். இதை எந்தக் கம்பெனி பாக்கெட்டில் போட்டு விற்க முடியும்? முடியாது. அதனால் அதற்கு எந்தக் கம்பெனியும் பணம் போடாது. மருந்துக் கம்பெனிகள் தங்கள் சரக்கைச் சோதிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணம் கட்டுகின்றன, அது முறைப்படி நடப்பதுதான். நம் கருவாட்டுப் பொறியைச் சோதிக்கக் கட்டணம் கட்ட ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதில் சதி ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. என்னிடம் கடன் வாங்கிய பலர் ஸ்வர்ணா வந்த பிறகும் குஃப்ரி ஜோதியை விடவில்லை. "மேட்டுப்பாளையம் மண்டியில ஜோதிக்குத்தான் விலை சார்" என்பார்கள். புழுவுக்குத் தாங்குமா என்ற கேள்வியோடு, மண்டியில் நிற்குமா என்ற கேள்வியையும் தொடக்கத்திலேயே விவசாயி கேட்டிருக்க வேண்டும். கேட்கிற இடத்தில் அவர் இல்லை.

விளைபொருளிலிருந்தே ஆராய்ச்சிக்குப் பணம் எடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1940-ல் ஒரு தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் குறிப்பிட்ட விளைபொருள்களின் மதிப்பில் அரை சதவீதம், இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போனது. 2006-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் விவசாயிக்கு அது தெரியாது. தெரியாத பணத்துக்கு யார் கணக்குக் கேட்பார்?

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்டனில் உருளைக்கிழங்கு விவசாயிகள் பரப்பளவுக்கு ஏற்ப ஆராய்ச்சி வரி கட்டிவந்தார்கள். 2021-ல் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். போடுகிற காசுக்குப் பலன் இல்லை என்பது அவர்கள் குறை. கிழங்கு சேமிப்பை ஆராய்ந்த அவர்களின் நிலையமும் மூடப்பட்டது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கட்டாய வசூல் பண்ணி, கட்டியவனுக்குக் கணக்கும் காட்டாவிட்டால் இதுதான் முடிவு.

"நாமதான் வரி கட்டுறோமே, இன்னும் ஏன்?" என்று கேட்பீர்கள். அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நான் சொல்வது கிலோவுக்கு ஐந்து பைசா. பத்து டன் விற்றால் ஐந்நூறு ரூபாய். இருநூறு பேர் சேர்ந்தால் வருஷத்துக்கு ஒரு லட்சம். இதில் பெரிய ஆய்வுக்கூடம் கட்ட முடியாது. ஆனால் பூச்சியியல் படிக்கிற ஒரு மாணவர் ஒரு பருவம் முழுக்க நம் தேரி மண்ணில் வந்து உட்கார்ந்து, பொறியில் விழுந்த ஈயைப் பிரித்து எண்ண, வண்டிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போதும். எந்தக் கேள்வி என்பதை நாம் முடிவு செய்வோம். பொறி பயன்படவில்லை என்று முடிவு வந்தாலும் அதை மறைக்காமல் இதே இதழில் போட வேண்டும். நம்ம வைத்தியம் என்பதற்காகச் சலுகை கிடையாது. இதில் சில நண்பர்கள் என்மேல் கோபப்படுவார்கள், தெரியும்.

பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். செக்கில் மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் கட்டாயம் ஒரு பெண் விவசாயி. நான் கையெழுத்துப் போடுகிற ஆளாக இருக்கமாட்டேன், கணக்கு மட்டும் எழுதித் தருகிறேன். அடுத்த கூட்டம் பங்குனியில். என் பங்குக்கு ஐந்நூறை எடுத்து வைத்துவிட்டேன், ரசீதுப் புத்தகமும் அச்சடிக்கக் கொடுத்தாச்சு.