ஆறு நகர்ந்தா எல்லையும் நகருமா?

வரப்பை ஒரு அடி தள்ளி வெட்டினாலே வெட்டுக்குத்து வரும். பெல்ஜியமும் நெதர்லாந்தும் என்ன பண்ணாங்க தெரியுமா?

1843 ஒப்பந்தப்படி அவங்களுக்கு ஒரு பகுதியில மியூஸ் ஆறுதான் எல்லை. கப்பல் போறதுக்காக பிற்பாடு ஆத்தை நேராக்கினாங்க. ஆறு நகர்ந்துச்சு, கோடு நகரலை. பெல்ஜிய நிலத்துண்டு ரெண்டு நெதர்லாந்துக் கரையோட ஒட்டிக்கிச்சு. அங்க ஒரு பிணம் கிடந்தப்போ, பக்கத்துலயே இருந்த நெதர்லாந்து போலீசுக்கு அதிகாரம் இல்லை. பெல்ஜிய போலீஸ் படகுல போகவேண்டியதாச்சு!

கடைசியில 2016ல கையெழுத்து. 2018 ஜனவரி 1ல நிலம் கைமாறிச்சு. பெல்ஜியம் நிறைய நிலம் கொடுத்து, கொஞ்சம்தான் வாங்கிச்சு. அளவு பார்த்தா நஷ்டம்தான். ஆனா போலீசே போகமுடியாத மண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

என்னைக் கேட்டா, ஆத்தை எல்லையா வெக்கிறவங்க, அது நகர்ந்தா என்ன செய்யறதுங்கறதையும் அன்னிக்கே எழுதி வெச்சுடணும். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?