தோழர்களே, அந்த அழைப்பைத் துண்டியுங்கள்!

தோழர்களே! ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் முன் கேளுங்கள். நம் முகத்தைத் திருடுகிறார்கள். நம் குரலைத் திருடுகிறார்கள். திருடிய முகத்தையும் குரலையும் காட்டி நம் சம்பளத்தைத் திருடுகிறார்கள்.

ஓசூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளியிலும் உழைக்கிற நம்மில் பெரும்பாலோர் ஊரை விட்டு வந்தவர்கள். நமக்கும் ஊருக்கும் நடுவே இருப்பது இந்த செல்போன்தான். திருடன் கை வைப்பதும் அதில்தான். நாம் போட்ட ரீல்ஸில் நம் குரல் இருக்கிறது. சில நொடிக் குரல் போதும். அதே குரலில் எதையும் பேச வைத்துவிடுவார்கள்.

நள்ளிரவில் ஊரில் அம்மாவுக்குப் போன் வரும். "அம்மா, சூளகிரி பக்கத்துல ஆக்சிடென்ட். என் போன் உடைஞ்சுபோச்சு. இது கூட இருக்கிற அண்ணன் நம்பர். இதுக்கே பணம் போடும்மா, சீக்கிரம்மா!" உங்கள் குரல். உங்கள் அழுகை. எந்தத் தாய் நிதானமாக யோசிப்பாள்? அவள் திருப்பி அழைத்தாலும் நீங்கள் எடுக்க முடியாது. நீங்கள் நைட் ஷிப்டில் நிற்பீர்கள். உங்கள் போன் லாக்கரில் கிடக்கும்.

இது கட்டுக்கதை இல்லை தோழர்களே! 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் நடந்தது. ஓய்வு பெற்ற ஒருவருக்கு, பழைய சக ஊழியரின் முகம் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் சில நொடி தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அவசரம் என்றது. 40,000 ரூபாய் போனது. மறுபடியும் கேட்டபோது அவர் சந்தேகப்பட்டார். நண்பரின் உண்மையான எண்ணைத் தேடி அழைத்தார். வாயை மூடிக்கொண்டு உட்காராமல் புகார் கொடுத்தார். போலீஸ் அந்தப் பணத்தை மடக்கியது.

பெங்களூரு நமக்கு எட்டாத ஊரா? இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி பேசுவதுபோல் போலி வீடியோ செய்து, முதலீடு என்று சொல்லி அங்கே லட்சம் லட்சமாய்ச் சுருட்டினார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவுத் தோழர்களே, 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் வெளிவந்ததை நினைவில் வையுங்கள். அரூப் நிறுவன ஊழியர் ஒருவர் கலந்துகொண்ட வீடியோ கூட்டத்தில் மேலதிகாரியும் போலி, சக ஊழியர்களும் போலி. போனது சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர்.

வீடியோ அழைப்பில் சந்தேகம் வந்தால், பேசுபவரின் தலையைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லுங்கள். போலி முகம் என்றால் கன்னத்தின் ஓரம் கலங்கலாம், உதடும் பேச்சும் ஒட்டாமல் போகலாம். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் கருவி நாளுக்கு நாள் தேறுகிறது. துண்டியுங்கள்! உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் நீங்களே அழையுங்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் துண்டியுங்கள்!

இன்றிரவே வீட்டுக்குப் போன் போடுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லைப் பேசி வையுங்கள். சிறுவயதில் வளர்த்த ஆட்டின் பெயராக இருக்கட்டும். அந்தச் சொல் வராமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. விடுதி வார்டன் எண்ணையும் கம்பெனி கேட் எண்ணையும் அம்மாவின் போனில் இன்றே ஏற்றுங்கள்.

போலீஸ் உடையில் ஒருவன் திரையில் வந்து "டிஜிட்டல் கைது" என்பான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பயப்படாதீர்கள்! இன்னொருவன் உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பான். கொடுக்காதீர்கள்! இன்னொரு தொழிலாளியின் கண்ணீர் உங்கள் கணக்கு வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் தட்டுவதும் உங்கள் கதவைத்தான்.

ஏமாந்துவிட்டீர்களா? எழுந்திருங்கள்! தலைகுனிய வேண்டியவன் திருடன். நீங்கள் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுகிறது. உங்கள் மௌனம் அவனுக்கு நேரம் கொடுக்கிறது. அடுத்த அறையில் இருக்கும் தோழரையும் அவனிடம் மாட்டிவிடுகிறது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்! அந்த நிமிடமே 1930!

வேலை அத்திப்பள்ளியில், வீடு ஓசூரில், எந்த மாநிலத்தில் புகார் என்று அலையாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் தனியாகத் திரும்பாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள். பத்துப் பேராய்ப் போவோம்.

நாளைக் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டுத் தோழரிடம் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். தெலுங்கில் சொல்லுங்கள், கன்னடத்தில் சொல்லுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழருக்குத் தெரிந்த இந்தியில் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். பஸ் கேட்டைத் தொடும் முன் பதிந்து கொடுங்கள்!