டர்போ மோட்டார் வண்டியும் தாமிரபரணி மிராசுதார்களும்

பிசான நெல் விற்ற பணத்தில் மோட்டார் வண்டி வாங்கும் மிராசுதார்கள் சிலர், டர்போ என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மயங்கிவிடுகின்றனர். ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூக்கி என்னும் எஞ்சினீயர் 1905-ம் வருஷத்தில் பேடெண்டு பெற்ற சாதனம் இது. வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் சிறு சக்கரமொன்று சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாய் எரிந்து, சிறிய எஞ்சின் பெரியதன் பலத்தைத் தரும்.

காற்றின் அடர்த்தி குறைந்த மாஞ்சோலை மலைப்பாதையில், 3,000 அடிக்கு மேல், இதன் உதவி மெய்யானதே. அம்பாசமுத்திரத்திற்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஆற்றோரச் சமவெளியில் மட்டும் செல்வோர்க்கு அதனால் அடையும் லாபம் சொற்பமே.

செலவோ நிச்சயம். அச்சக்கரம் நிமிஷத்திற்கு ஒரு லக்ஷம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது, உஷ்ணமும் அதிகம். நல்ல எண்ணெயைக் காலந்தவறாது மாற்றவேண்டும். விரைந்து வந்து நின்றவுடன் எஞ்சினை அணைத்தல் தகாது; ஒரு நிமிஷமேனும் மெதுவாய் ஓடவிடாவிடில், அச்சில் தங்கிய எண்ணெய் கருகும். அறுப்புக்களத் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும். பழுதானால் கிராமத்துப் பட்டறையில் சீர்செய்தல் அரிது.

டீசல் வண்டிகளில் தற்காலம் டர்போ இல்லாதது கிடைப்பதரிது. ஆகவே யோசனைக்கு இடம் பெட்ரோல் வண்டியில்தான். மலையேறாதவர் டர்போ இல்லாததையே வாங்கலாம். விலை வித்தியாசம் கார்ப் பருவத்து விதைக்கும் எருவுக்கும் உதவும்.