இணையப் பெயரும் வணிகக் குறியும்

ஒரு சரக்கின்மேல் பொறிக்கப்படும் பெயர் வெறும் ஒலியன்று. அதைச் செய்தவரின் நாணயத்திற்கு அது சாட்சியாகும். மொராதாபாத்தின் பித்தளைப் பாத்திரமாயினும், சூரத்தின் புடவையாயினும், கான்பூரின் தோல் சாமானாயினும், வாங்குவோர் முதலில் தேடுவது பெயரையே. எழுத்தறியாதவர்கூட யானைச் சின்னத்தையோ மயில் சின்னத்தையோ கண்டு தமக்குப் பழக்கமான சரக்கை இனம் கண்டுகொள்வர். அந்த நம்பிக்கையைப் பிறர் களவாடாமல் காப்பதற்கே, கடைத்தெருவில் டிரேட் மார்க் என்று வழங்கும் வணிகக் குறிக்குச் சட்டம் ஏற்பட்டது. இந்தியாவில் 1940-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பணியைச் செய்தன. 1999-இல் இயற்றப்பட்ட வணிகக் குறிச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது.

ஆனால் இக்காலத்தில் கடை தெருவில் மட்டும் இருப்பதில்லை. டொமைன் என்று வழங்கும் இணையப் பெயரும் ஒரு கடை வாயிலே ஆகும். அந்தப் பெயரைச் சில நூறு ரூபாய் செலவில், சில நிமிஷங்களில் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். இந்த எளிமை பெரியதொரு வசதி. அதே எளிமையே பல சிறு வணிகரைப் பெரும் வழக்குகளில் சிக்க வைக்கும் பொறியாகவும் இருக்கிறது. இணையப் பெயரைப் பதிவு செய்தவுடன் அப்பெயர் தமக்கே சொந்தமாகிவிட்டது என்னும் எண்ணமே இதற்கு மூல காரணம். அந்த எண்ணம் தவறானது. அதைக் களைவது அவசியம்.

இரண்டு பதிவுகள், இரண்டு நியதிகள்

இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்களால் ஆன முகவரி உண்டு. எண்களை மனிதர் நினைவில் வைத்தல் கடினம். ஆதலால் எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை வழங்கும் முறை 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 'காம்' என்று முடியும் முதற் பெயர் 1985 மார்ச்சில் பதிவாயிற்று. இம்முறையின் அடிப்படை விதி ஒன்றே: ஒரே பெயர் இருவரிடம் இருத்தல் இயலாது. ஆகவே முந்தி வந்தவருக்கே பெயர் என்னும் நியதி ஏற்பட்டது. பதிவு செய்யும் ஸ்தாபனம், 'இப்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதா?' என்பதை மட்டுமே பார்க்கிறது. 'இப்பெயரை எடுக்க உமக்கு உரிமை உண்டா?' என்று அது கேட்பதில்லை.

வணிகக் குறியின் நியதியோ முற்றிலும் வேறு. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் 34 சரக்குகளுக்கும், எஞ்சிய 11 சேவைகளுக்கும் உரியவை. ஒரே சொல்லைப் பாத்திரத்திற்கு ஒருவரும், துணிக்கு மற்றொருவரும் குறியாகக் கொள்ளலாம். வாங்குவோர் மயங்க இடமில்லையெனில் சட்டம் அதைத் தடுப்பதில்லை. மேலும், ஒரு நாட்டின் பதிவு அந்நாட்டின் எல்லையளவே செல்லும். இணையப் பெயருக்கோ வகுப்பும் இல்லை, எல்லையும் இல்லை. இருவர் நேர்மையாக வைத்திருக்கும் ஒரு குறிக்கு இணையத்தில் ஓர் இடமே இருக்கும்பொழுது பிணக்கு எழுவது இயல்பு. நேர்மையற்றவர் நுழைந்துவிட்டாலோ அது பிணக்காக நில்லாமல் மோசடியாகவே முடிகிறது.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

இந்திய நீதிமன்றங்கள் இதனை விரைவிலேயே உணர்ந்தன. 1999 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் 'யாஹூஇந்தியா.காம்' என்னும் பெயரைப் பற்றிய வழக்கில் தடையுத்தரவு வழங்கியது. 'யாஹூ' என்பது அகராதியில் உள்ள சொல், அதை எவரும் பயன்படுத்தலாம் என்று எதிர்த்தரப்பு வாதித்தது. அமெரிக்க நிறுவனத்திற்கும் தமக்கும் தொடர்பில்லை என்னும் அறிவிப்பையும் தம் தளத்தில் வெளியிட்டிருந்தது. நீதிமன்றம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. அகராதிச் சொல்லும் நெடுங்காலப் பயன்பாட்டினால் ஒருவரது அடையாளமாகிவிடலாம். தளத்திற்குள் நுழைந்த பின்னரே கண்ணில் படும் அறிவிப்பு, நுழையும்பொழுதே ஏற்படும் மயக்கத்தைப் போக்காது. அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றமும் 'ரெடிஃப்' என்னும் பெயரை ஒட்டி ஓரெழுத்து மாற்றி அமைக்கப்பட்ட 'ராடிஃப்' என்னும் பெயருக்குத் தடை விதித்தது.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக அமைந்தது 2004 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் இரு பகுதிகளையும் சேர்த்து 'சிஃபி' என்னும் புதுச் சொல்லை ஆக்கி, 1999-இல் 'சிஃபிநெட்.காம்' முதலிய பெயர்களைப் பதிவு செய்திருந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் 'சிஃப்பிநெட்.காம்' என்னும் பெயரை வழங்கத் தொடங்கியது. பெங்களூர் நகர சிவில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநாட்டியது. தம் நிறுவனர் ஐவரின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டே அச்சொல்லை அமைத்ததாக எதிர்த்தரப்பு கூறிய விளக்கம் எடுபடவில்லை.

இத்தீர்ப்பின் சாரம் யாதெனில், இணையப் பெயர் வெறும் முகவரியன்று, வணிகத்தின் அடையாளமும் ஆகும் என்பதே. இந்நாட்டில் இணையப் பெயர்ப் பிணக்குகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லாவிடினும், தன் சரக்கைப் பிறர் சரக்கு என நம்பச் செய்து விற்றலைத் தடுக்கும் பழைய நியாயம் இணையத்திற்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்நியாயத்தின்படி, குறியைப் பதிவு செய்யாதவரும், முன்பிருந்தே அதை வழங்கி நற்பெயர் ஈட்டியிருப்பின், பரிகாரம் பெறலாம்.

வழக்கில்லா வழி

நீதிமன்றம் செல்லாமலே தீர்வு காணும் முறையும் உண்டு. உலகளவில் இணையப் பெயர்களை மேற்பார்க்கும் 'ஐகான்' என்னும் அமைப்பு 1999-இல் ஒரு பொதுக் கொள்கையை வகுத்தது. 'இன்' என்று முடியும் இந்தியப் பெயர்களை நிர்வகிக்கும் இந்திய தேசிய இணைய இணைப்பகமும் இதையொட்டியதொரு கொள்கையை ஏற்படுத்தியுள்ளது. நடுவர் ஒருவர் ஆவணங்களைப் பரிசீலித்து முடிவு கூறுவார். முறையிடுவோர் மூன்று செய்திகளை நிறுவ வேண்டும். ஒன்று, அப்பெயர் தம் குறியோடு மயக்கம் தருமளவு ஒத்திருக்கிறது. இரண்டு, எதிர்த்தரப்புக்கு அப்பெயரில் நியாயமான உரிமை இல்லை. மூன்று, தீய நோக்கம் உள்ளது. உலகக் கொள்கையில் பதிவும் பயன்பாடும் ஆகிய இரண்டுமே தீய நோக்கம் கொண்டவை என்று காட்ட வேண்டும். இந்தியக் கொள்கையில் இரண்டில் ஒன்றைக் காட்டினாலே போதும். வெற்றி பெற்றவருக்குப் பெயர் மாற்றித் தரப்படும். அல்லது பதிவு ரத்தாகும். ஆயினும், ஐகான் கொள்கையின் கீழ் நஷ்டஈடு கிடைப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் கூறியதனால், குறியுடையோர் எல்லோரும் நல்லோர், பெயர் பதிந்தோர் எல்லோரும் கள்வர் என்று கொள்ளலாகாது. அமெரிக்காவில் நிசான் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர், தம் கணிப்பொறி வணிகத்திற்காக 1994-இல் அப்பெயரை இணையத்தில் பதிவு செய்தார். 1999-இல் புகழ்பெற்ற மோட்டார் நிறுவனம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. பெயர் இறுதியில் அவரிடமே தங்கியது. ஆனால் வழக்கோ பல ஆண்டுகள் நீடித்து அவருடைய பொருளையும் காலத்தையும் உண்டது. வெற்றியே இத்தகையதாயின், அதைத் தாங்கும் வலிமை ஒரு சிறு வணிகருக்கு எங்கிருந்து வரும்?

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் நடுநிலையோடு அமைந்துள்ளது எனலாம். ஒருவர் தம் பெயரை நேர்மையாக வழங்குவதை 35-ஆம் பிரிவு காக்கிறது. குறியுடையவருக்கும் முன்னரே தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரை 34-ஆம் பிரிவு காக்கிறது. சரக்கின் தன்மையை மட்டும் விவரிக்கும் சொற்களை எவரும் தம் தனிச் சொத்தாக்கிக் கொள்வதை 9-ஆம் பிரிவு தடுக்கிறது. சொற்கள் மக்களின் பொதுச் செல்வம். அவற்றை வேலியிட்டு அடைக்கும் உரிமை பணபலத்தினால் வந்துவிடக் கூடாது.

செய்யத்தக்கது யாது?

ஆகவே புதிதாகப் பெயர் வைப்போர் செய்ய வேண்டுவது கடினமன்று. மொராதாபாத்தில் பித்தளைப் பாத்திரம் செய்யும் ஒருவர் தம் சரக்கை இணையத்தில் விற்க விரும்புகிறார் என்று கொள்வோம். பெயரைப் பதிவு செய்யும் முன் அவர் வணிகக் குறிப் பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். சமையற்பாத்திரங்களுக்கு உரியது 21-ஆம் வகுப்பு. கடை நடத்துதல் முதலிய சேவைகளுக்கு உரியது 35-ஆம் வகுப்பு. எழுத்து ஒற்றுமையைத் தேடுவது மட்டும் போதாது. ஒலி ஒற்றுமையையும் தேட வேண்டும். 'லக்ஷ்மி' என்னும் பெயரின் நடுவொலியை ஆங்கிலத்தில் ஓரெழுத்தாலும் எழுதலாம், மூன்றெழுத்தாலும் எழுதலாம். கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு பெயர்கள், செவிக்கு ஒன்றே. நீதிமன்றம் செவியின் சாட்சியத்தையும் ஏற்கும்.

இந்திய மொழி எழுத்துகளில் இணையப் பெயர் பதியும் வசதி வந்த பின்னர் இக்கவனம் மேலும் வேண்டப்படுகிறது. தமிழில் 'இந்தியா' என்று முடியும் பெயர்களுக்கும் இடம் ஏற்பட்டுள்ளது. 'ஔ' என்னும் ஓரெழுத்தும், 'ஒ', 'ள' என்னும் ஈரெழுத்தும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டால் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றலாம். பொறிக்கோ அவை இரண்டு. மோசக்காரருக்கு இத்தகைய இடுக்கே போதும்.

தேடி முடித்த பின், இணையப் பெயரையும் வணிகக் குறியையும் ஒருங்கே பதிவு செய்தல் நன்று. தனி நபரும் சிறு தொழிலினரும் இணைய வழியே குறிக்கு விண்ணப்பிக்க, வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கட்டணம் வகுத்தன. பதிவு பத்தாண்டுகள் செல்லும், பின்பு புதுப்பிக்கலாம். வழக்கு ஒன்றின் முதல் நாட் செலவோடு ஒப்பிட்டால் இத்தொகை அற்பமே. சரக்கின் விவரத்தையே பெயராக்காமல், தாமே புனைந்த சொல்லைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பு மேலும் உறுதியாகும். இணையப் பெயரைக் காலம் தவறாமல் புதுப்பிப்பதும், அதைக் கூலிக்குத் தளம் அமைத்துத் தருபவரின் பெயரிலன்றித் தம் பெயரிலேயே பதிவதும் மறக்கத் தகாதவை.

பொறுப்பு யாருடையது?

எனினும், எல்லாப் பொறுப்பையும் வணிகர் தலையில் சுமத்துவது நியாயமன்று. பெயரை விற்றுக் கட்டணம் பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. புதிய வகை இணையப் பெயர்களுக்காக 2013-இல் ஐகான் ஏற்படுத்திய குறிப் பதிவகம், விரும்பும் பெயர் ஒரு குறியோடு முற்றிலும் ஒத்திருந்தால், விண்ணப்பிப்பவருக்குக் குறித்த காலத்திற்குள் எச்சரிக்கை வழங்கும் முறையைக் காட்டியுள்ளது. இதே முறையில், இந்தியப் பெயர்களை விற்கும் ஒவ்வொரு பதிவாளரும், பணம் பெறும் முன்னரே, ஒத்த குறி பதிவேட்டில் உள்ளதா என்பதை விண்ணப்பிப்பவரின் தாய்மொழியிலேயே அறிவிக்க வேண்டும். அறிவிப்பு அறிவிப்பாகவே நிற்கட்டும், தடையாக மாறலாகாது. ஏனெனில் இயந்திரம் எழுத்தை ஒப்பிடுமேயன்றி, நோக்கத்தை ஒப்பிடாது. பாத்திரக் கடையும் துணிக் கடையும் ஒரே சொல்லை நேர்மையாக வழங்கலாம் என்பதை அது அறியாது.

வணிகக் குறிச் சட்டத்தில் இணையப் பெயரைப் பற்றித் தனிப் பிரிவு சேர்ப்பதும் உகந்ததே. நீதிபதிகளின் தீர்ப்புகள் வழிகாட்டுகின்றன. ஆனால் தீர்ப்பைத் தேடிப் படிக்க வல்ல வணிகர் மிகச் சிலரே. சட்டத்தின் வாசகம் தெளிவாயின் சாமானியரும் தம் எல்லையை அறிவர்.

தலைமுறை தலைமுறையாகத் தட்டிய பித்தளையின் ஓசையால் ஒரு குடும்பம் ஈட்டிய நற்பெயரை, விசைப்பலகையில் ஒருவர் சில நொடிகளில் தட்டிப் பறித்துக்கொள்ள இடமளித்தல் ஆகாது. அவ்வாறே, குற்றமற்ற ஒருவர் தம் சொந்தப் பெயரைத் தம் கடை வாயிலில் எழுதுவதற்கு அஞ்சும் நிலையும் வரலாகாது. பெயரை முதலில் பிடித்தவர் யார் என்பதை இயந்திரம் சொல்லும். அப்பெயருக்கு உரியவர் யார் என்பதை நேர்மையான உழைப்பும், அதைக் காக்கும் சட்டமுமே சொல்ல வேண்டும்.